தத்தெடுக்கப்பட்டவர் தன் பிறப்பு விவரங்களைக் கேட்க முடியுமா? சட்டம் சொல்வது என்ன, எங்கே போக வேண்டும்?

புதிதாக ஒரு டாக்டரிடம் போனால் அநேகமாக முதலில் வரும் கேள்வி இது: "வீட்டுல யாருக்காவது சுகர், பிபி, ஹார்ட் பிரச்சினை இருக்கா?" பலரும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்கள். தத்தெடுக்கப்பட்டு வளர்ந்தவர்கள் மட்டும் அந்த இடத்தில் ஒரு நொடி நிற்பார்கள். வளர்த்த அம்மாவின் சர்க்கரை நோயைச் சொல்வதா, 'தெரியாது' என்று சொல்வதா?

மருத்துவம் ஒரு காரணம்தான். பெற்றது யார், எந்த ஊர், ஏன் கொடுத்தார்கள் என்ற கேள்விகள் சிலருக்குச் சின்ன வயதிலேயே வரும். சிலருக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது வரும். சிலருக்குத் தனக்கு ஒரு குழந்தை பிறந்த பிறகுதான் வரும். கேட்க நினைப்பவருக்குச் சுற்றியிருப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அதெல்லாம் ரகசியம், கேட்டா தர மாட்டாங்க. இப்போ எதுக்கு அதைக் கிளறிக்கிட்டு?"

அது பாதி உண்மை. தத்து ஆவணங்கள் ஊருக்கு ரகசியம். ஆனால், தத்தெடுக்கப்பட்டவர் தன்னைப் பற்றிக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த வழி எது, எங்கே அடைபடுகிறது, எதை மாற்றினால் அது திறக்கும் என்று பார்க்கலாம்.

சட்டத்தில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது. இந்தியாவில் இல்லங்கள் வழியாக நடக்கும் தத்தெடுப்புகள் 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதன்படி 2022-ல் வெளியான தத்தெடுப்பு விதிமுறைகளில் 'ரூட் சர்ச்', அதாவது தன் வேரைத் தேடுவது, தனியாகவே பேசப்படுகிறது. 2017-ம் ஆண்டின் விதிமுறைகளிலும் இது இருந்தது. தத்தெடுக்கப்பட்டவர் தன் பூர்வீகத்தைத் தேடி வந்தால், சம்பந்தப்பட்ட அமைப்புகள் அவருக்கு உதவ வேண்டும் என்பதே இதன் சாரம்.

சர்வதேச அளவிலும் இதற்கு அடிப்படை உண்டு. தன் பெற்றோரை அறிவது இயன்றவரை குழந்தையின் உரிமை என்கிறது ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 7-வது பிரிவு. இந்தியா 1992-ல் அதில் இணைந்தது. நாடு விட்டு நாடு தத்துக் கொடுப்பது பற்றிய 1993-ம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-ல் ஏற்றது. குழந்தையின் பூர்வீகம், பெற்றோர் அடையாளம், மருத்துவ விவரம் ஆகியவற்றைப் பாதுகாத்து வைக்க வேண்டும், நாட்டின் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு அவற்றைப் பார்க்க வழி செய்ய வேண்டும் என்கிறது அதன் 30-வது பிரிவு.

நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது பழைய தீர்ப்பு ஒன்றைப் பார்த்தால் புரியும். வெளிநாட்டுத் தத்து பற்றி லக்ஷ்மிகாந்த் பாண்டே வழக்கில் 1984-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புதான், இந்தியாவில் இந்தத் துறைக்கே அடித்தளம். வளர்ந்த பிறகு பிள்ளைக்குப் பெற்றோர் விவரத்தைச் சொல்வதில் பெரிய ஆட்சேபம் இல்லை என்று அந்தத் தீர்ப்பு ஏற்றது. ஆனால், சொல்வதா வேண்டாமா என்ற முடிவை வளர்ப்புப் பெற்றோரிடம் விட்டது. இன்றைய விதியில் 18 வயது நிரம்பியவர் யாருடைய தயவும் இல்லாமல் தானே கேட்கலாம்.

யார் விண்ணப்பிக்கலாம்?

18 வயது நிரம்பியவர் தன் பெயரிலேயே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். 18-க்குக் கீழே இருந்தால் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பம் போகும் இடம் 'காரா' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மத்திய தத்துவள ஆணையம். டெல்லியில் இருக்கும் இந்த அமைப்பு, மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. எல்லோராலும் நேரடியாகக் காராவை அணுக முடியாது என்பதால், மாநில தத்துவள முகமை, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, தத்துக் கொடுத்த இல்லம் ஆகியவற்றில் எதை அணுகினாலும் அவர்கள் உதவ வேண்டும் என்கிறது விதி. வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் அங்குள்ள அங்கீகாரம் பெற்ற தத்து முகமை அல்லது இந்தியத் தூதரகம் மூலமும் வரலாம்.

முதலில் தேட வேண்டிய இடம் வீட்டு பீரோ

விண்ணப்பம் போடும் முன் வீட்டில் இருக்கும் காகிதங்களை எடுத்துப் பார்ப்பது நல்லது. குழந்தையை ஏற்கும்போது வளர்ப்புப் பெற்றோர், குழந்தை பற்றிய ஆய்வு அறிக்கையிலும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையிலும் கையெழுத்துப் போடுவது நடைமுறை. தத்து ஆணையின் நகலும் அவர்களிடம் இருக்கும்.

இந்தக் காகிதங்களில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இல்லத்தின் பெயரும் ஊரும். இரண்டு, இல்லத்தில் சேர்ந்த தேதி. மூன்று, இல்லத்தில் வைத்த பெயர். இந்த மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. தத்துக்குப் பிறகு பெயர் மாறியிருக்கும். ஆனால், இல்லத்தின் பதிவேட்டில் இருப்பது பழைய பெயர்தான். அது தெரியாமல் தேடினால், இருக்கும் ஃபைல்கூடக் கைக்கு வராது.

பிறப்புச் சான்றிதழில் விடை இருக்கும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். தத்துக்குப் பிறகு வாங்கப்படும் சான்றிதழில் வளர்ப்புப் பெற்றோரின் பெயர்தான் பெற்றோர் இடத்தில் இருக்கும். சட்டப்படி அது சரியே. கைவிடப்பட்டுக் கிடைத்த குழந்தை என்றால், அதற்கு முந்தைய பிறப்புப் பதிவு யார் பெயரில், எங்கே இருக்கிறது என்பதே தெரிய வாய்ப்பு குறைவு.

என்னென்ன கிடைக்கும்?

விண்ணப்பம் வந்ததும் காரா, சம்பந்தப்பட்ட இல்லத்துக்கோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ எழுதி விவரம் கேட்கும். குழந்தை எங்கிருந்து வந்தது, எந்தச் சூழ்நிலையில் சேர்க்கப்பட்டது, தத்து நடைமுறை எப்படி நடந்தது என்பவை அந்த விவரங்கள்.

இதில் எவ்வளவு கிடைக்கும் என்பது, குழந்தை எப்படி இல்லத்துக்கு வந்தது என்பதைப் பொறுத்தது.

பெற்றவரே வந்து ஒப்படைத்திருந்தால், குழந்தைகள் நலக் குழு முன்னிலையில் ஒப்படைப்புப் பத்திரம் எழுதப்படும். முடிவை மாற்றிக்கொள்ள அவருக்கு இரண்டு மாத அவகாசமும் உண்டு. இந்த வகையில் பெயர், ஊர், காரணம் ஆகியவை பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

பேருந்து நிலையத்திலோ மருத்துவமனையிலோ கைவிடப்பட்டுக் கிடைத்திருந்தால், பெற்றோரைத் தேடி விசாரணை நடக்கும். யாரும் வராவிட்டால், 2 வயது வரையிலான குழந்தையை 2 மாதத்துக்குள்ளும், அதற்கு மேற்பட்ட குழந்தையை 4 மாதத்துக்குள்ளும் தத்துக்குத் தகுதியானவர் என்று குழு அறிவிக்க வேண்டும். இந்த வகையில் பெற்றவர் பெயர் இருக்காது. ஆனால், கிடைத்த இடம், தேதி, கண்டெடுத்தவர், போலீஸ் தகவல் ஆகியவை இருக்கலாம். பெயர் இல்லாவிட்டாலும், எந்த இடத்தில், எந்த நாளில் தன் கதை தொடங்கியது என்பது சிலருக்குப் பெரிய விஷயம்.

பெற்றவர் 'சொல்ல வேண்டாம்' என்றால்?

இந்த விஷயத்தில் கடினமான இடம் இதுதான். ஒப்படைக்கும்போதே 'என் அடையாளம் தெரியக் கூடாது' என்று பெற்றவர் குறிப்பாகக் கேட்டிருந்தால், அவரது சம்மதம் இல்லாமல் அடையாளத்தைத் தர முடியாது. அதிகாரிகள் அவரைத் தேடிச் சம்மதம் கேட்க வேண்டும். அவர் மறுத்தாலோ, ஆளே கிடைக்காவிட்டாலோ, எந்தக் காரணத்தால், எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தார் என்பதை மட்டும் தத்தெடுக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும். 'சம்மதம் இல்லை' என்று சொல்லி மொத்தமாகக் கதவைச் சாத்துவதற்கு விதியில் இடமில்லை.

தத்தெடுக்கப்பட்டவரின் உரிமை, பெற்றவரின் தனியுரிமையை மீறக் கூடாது என்றும் விதி சொல்கிறது. இதை வெறும் தடையாகப் பார்க்க முடியாது. கல்யாணத்துக்கு முன் கர்ப்பமாகி, ஊருக்குத் தெரியாமல் பிரசவித்து, பிறகு வேறு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் 25 வருடம் கழித்து ஒரு அரசு ஜீப் வந்து நின்றால் என்ன ஆகும்? அவருக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அவருக்கும் பொருந்தும்.

நண்பரை அனுப்பலாமா? ஆர்.டி.ஐ. போடலாமா?

மூன்றாவது நபர் மூலம் ரூட் சர்ச் செய்ய விதி அனுமதிப்பதில்லை. பெற்றோர், வளர்ப்புப் பெற்றோர், பிள்ளை ஆகியோரின் விவரங்களைப் பொதுவெளியில் விடவும் அமைப்புகளுக்கு அனுமதி இல்லை. தகவல் உரிமைச் சட்டமும் அடுத்தவரின் தனிப்பட்ட தகவலுக்கு விலக்கு கொடுக்கிறது. அதனால், ஆர்.டி.ஐ. மூலம் பெற்றவரின் பெயரை வாங்கிவிடலாம் என்று நம்பி இறங்குவது வீண் அலைச்சலில் முடியலாம்.

'அம்மாவைத் தேடி வந்த மகள்' என்று யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் வரும் வீடியோக்கள் நிறைய பேரை அழ வைக்கின்றன. சில நேரம் சேர்த்தும் வைக்கின்றன. ஆனால், அந்தப் பெண்ணிடம் சம்மதம் கேட்பதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு அவர் 'வேண்டாம்' என்று சொல்லவே முடியாது.

வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் டி.என்.ஏ. பரிசோதனை நிறுவனங்களையும் நாடுகிறார்கள். இந்தியாவில் இந்தப் பரிசோதனை பரவலாக இல்லாததால், தூரத்துச் சொந்தம் கிடைப்பதே அதிர்ஷ்டம்.

எந்த ஆண்டுத் தத்துக்கு எந்த ஆபீஸ்?

ஃபைல் எங்கே இருக்கும் என்பது, தத்து எப்போது, எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது என்பதைப் பொறுத்தது.

* 2022 செப்டம்பர் 1 முதல்: தத்து ஆணையைப் பிறப்பிப்பது மாவட்ட ஆட்சியர். 2021-ல் வந்த சட்டத் திருத்தத்தின் விளைவு இது.
* அதற்கு முன், சிறார் நீதிச் சட்டத்தின் கீழ்: ஆணை நீதிமன்றத்தில் இருக்கும். வழக்கு எண் தெரிந்தால் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம்.
* அதற்கும் முன், குறிப்பாக வெளிநாடு போன குழந்தைகள்: 1890-ம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் கீழ், அந்தத் தம்பதியைக் குழந்தையின் பாதுகாவலராக நீதிமன்றம் நியமிக்கும். முழுமையான தத்து அந்த நாட்டில் போய்த்தான் நடக்கும். அதனால் தேட வேண்டியது 'தத்து' என்ற பெயரில் இல்லை, பாதுகாவலர் மனு என்ற பெயரில். காரா 1990-ல்தான் தொடங்கப்பட்டது என்பதால், அதற்கு முந்தைய விவரங்களுக்கு இல்லமும் நீதிமன்றமும்தான் வழி.
* இந்துத் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956: அக்கா பிள்ளையைத் தங்கை எடுத்து வளர்ப்பது போன்ற, குடும்பத்துக்குள் நடக்கும் தத்துகள் பல இந்தச் சட்டத்தின் கீழ் வரும். பத்திரம் பதிவாகியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். பத்திரத்தில் சம்பந்தப்பட்டவர்களும், அதன் மூலம் உரிமை கோருபவர்களும் நகல் கேட்கலாம். ஆனால், இந்தச் சட்டப்படி தத்து செல்ல எழுத்துப் பத்திரமே கட்டாயமில்லை. பிள்ளையைக் கொடுத்ததும் வாங்கியதும் நடந்திருந்தால் போதும். அதனால் ஒரு காகிதம்கூட இல்லாத தத்துகளும் உண்டு. அங்கே சாட்சி, குடும்பத்துப் பெரியவர்கள்தான்.

இந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. தத்துப் போனதும் பிறந்த குடும்பத்தோடு உறவு சட்டப்படி முடிந்துவிடும். ஆனால், பிறந்த குடும்பத்தில் இருந்திருந்தால் யாரைக் கல்யாணம் செய்ய முடியாதோ, அவரைத் தத்துப் போன பிறகும் செய்ய முடியாது என்கிறது 12-வது பிரிவு. அப்படியென்றால் பிறந்த குடும்பம் எது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? தெரியாத ஒருவர் இந்தச் சட்டத்தை எப்படிப் பின்பற்றுவார்?

தொட்டில் குழந்தைகளின் கதை

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குத் தனி கனம் உண்டு. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992-ல் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். பெயர் சொல்லாமல், யாரும் கேள்வி கேட்காமல் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போகலாம் என்பதுதான் அந்தத் திட்டத்தின் உயிர். அந்த ரகசியத்தால்தான் பல குழந்தைகள் உயிரோடு இருக்கிறார்கள்.

அதே ரகசியம்தான் இன்று முப்பது வயதைத் தொட்டிருக்கும் அந்தப் பெண்களுக்கு முன்னால் சுவராக நிற்கிறது. கேள்வி கேட்டிருந்தால் அந்தத் தாய் தொட்டில் வரை வந்திருக்கவே மாட்டார் என்பதையும் மறுக்க முடியாது. இவர்களுக்குப் பெயர் கிடைக்காமல் போகலாம். ஆனால், எந்தத் தொட்டில், எந்தத் தேதி, அன்று குழந்தையின் எடை என்ன, உடம்பில் என்ன துணி இருந்தது என்று யாராவது ஒரு பதிவேட்டில் எழுதியிருந்தால், அதைப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சென்னையில் கடத்தப்பட்ட குழந்தைகள், அநாதைகள் என்று காட்டப்பட்டு வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட விவகாரம் 2005-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த மாதிரி இடங்களில் காகிதத்தில் இருப்பதே பொய். அங்கே தேடல் வெறும் ஆர்வம் இல்லை. தான் கொடுக்கப்பட்டவரா, திருடப்பட்டவரா என்ற கேள்வி. நெதர்லாந்தில் அரசு அமைத்த குழு, பழைய வெளிநாட்டுத் தத்துகளில் நடந்த முறைகேடுகளை 2021-ல் அம்பலப்படுத்தியது. அது ஆராய்ந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று.

மற்ற நாடுகளில் எப்படி?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1975-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, 18 வயது நிரம்பியவர் தன் அசல் பிறப்புப் பதிவைப் பெறலாம். அதற்கு முன் தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் முதலில் ஒரு ஆலோசகரைச் சந்திக்க வேண்டும். தாய் சம்மதம் தந்தபோது ரகசியம் காக்கப்படும் என்று நம்பியிருக்கலாம் என்பதுதான் காரணம். 1991 முதல் அங்கே ஒரு தொடர்புப் பதிவேடும் இருக்கிறது. பிள்ளையும் சொந்தங்களும் தனித்தனியாகப் பெயர் கொடுத்து வைக்கலாம். இரண்டு பக்கமும் விருப்பம் இருந்தால் சேர்த்து வைப்பார்கள்.

அயர்லாந்து 2022-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. 16 வயது நிரம்பியவருக்குப் பிறப்பு விவரம் முழுவதும் உண்டு. தொடர்பு வேண்டாம் என்று பெற்றவர் சொல்லியிருந்தால், அந்த விருப்பத்தைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லிவிட்டு விவரத்தைக் கொடுப்பார்கள். விவரம் தெரிவது வேறு, வாசலில் போய் நிற்பது வேறு என்று அந்தச் சட்டம் இரண்டையும் பிரித்துப் பார்க்கிறது.

இங்கே என்ன மாற வேண்டும்?

2024-25 நிதியாண்டில் மட்டும் காரா வழியாக நாட்டில் 4,515 தத்துகள் நடந்திருக்கின்றன. இன்றைய குழந்தைகளின் விவரம் கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது. பிரச்சினை நேற்றைய குழந்தைகளுக்குத்தான். அவர்களின் வாழ்க்கையின் முதல் பக்கம், ஏதோ ஒரு இல்லத்தின் பீரோவில் கரையான் அரிக்கும் பதிவேடாக இருக்கலாம். இல்லம் மூடப்பட்டால், பொறுப்பாளர் இறந்துபோனால், மழை வெள்ளம் புகுந்தால், அந்தப் பக்கம் போய்விடும். மறுபடி எழுதவே முடியாது.

முதல் வேலை, பழைய பதிவேடுகளை அரசு தன் பொறுப்பில் எடுத்து ஸ்கேன் செய்வது. தமிழ்நாட்டில் குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை, மாவட்டம் மாவட்டமாக இதைச் செய்யலாம். மூடப்பட்ட இல்லங்களில் இருந்து தொடங்குவது அவசரம்.

இரண்டாவது, விண்ணப்பம் எந்த மேஜையில் நிற்கிறது என்று போட்டவருக்குத் தெரிய வேண்டும். பட்டா மாறுதலுக்கே போனில் மெசேஜ் வரும் காலம் இது. தன் தாயைத் தேடுபவரை மாதக்கணக்கில் மௌனத்தில் வைத்திருப்பது நியாயமில்லை.

மூன்றாவது, பெற்றவர் மனம் மாறினால் அதைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். 20 வயதில் 'தெரிய வேண்டாம்' என்று கையெழுத்துப் போட்ட பெண், 45 வயதில் 'எப்படி இருக்கிறாளோ' என்று ஏங்கலாம். இன்று அவர் அதைப் போய்ச் சொல்ல வழியில்லை. ஒரு தொடர்புப் பதிவேடு இருந்தால், யார் வீட்டு வாசலிலும் ஜீப் நிற்காமலே இரண்டு கைகள் சேரும்.

நான்காவது, பெயரைத் தர முடியாத இடத்திலும் மருத்துவ விவரத்தைத் தரலாம். இனி ஒப்படைப்பு நடக்கும்போது, அடையாளம் இல்லாமல் குடும்ப நோய் விவரத்தை மட்டும் தனியாக எழுதி வாங்கி வைப்பது பெரிய காரியம் இல்லை.

வளர்ப்புப் பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. பிள்ளை தேடினால் பாசம் குறைந்துவிட்டது என்று பயப்படுபவர்கள் அதிகம். பீரோவில் இருக்கும் அந்த ஃபைலை அவர்களே எடுத்துக் கொடுத்தால், பிள்ளை தேடுவது அவர்களுக்குத் தெரியாமல் நடக்க வேண்டியதில்லை. டாக்டரின் கேள்விக்கு 'தெரியாது' என்று சொல்ல நேர்ந்தாலும், தேடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்ற நிம்மதியாவது பிள்ளைக்கு இருக்கும்.